வேலியோரத்தில் ஒரு மறைப்பு

ஏப்ரல் 4

எல்லையைக் காக்கும் மகாராணிக்கு,

பட்டாலியன் போனிலிருந்து "வந்து சேந்துட்டேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கட்டின புருஷனிடம் பேச உனக்கு அவ்வளவுதான் இருந்தது போல. சரி, பேசினால்தானே சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நான் கத்தினாலும் உனக்குக் காது வலிக்காது.

முதலில் உன் மேல் என் குற்றப்பத்திரிகை. விடிவதற்கு முன் எழுந்து, என்னை எழுப்பாமல், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறாய். மகளுக்கு மட்டும் நெற்றியில் முத்தம் கொடுத்தாயாம், அவளே பெருமையாகச் சொன்னாள். எனக்குக் கிடைத்தது நீ கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன டம்ளர்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தின நாள் நான் கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டதில் என்ன தப்பு? ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை உனக்குக் கிட்னியில் கிருமித் தொற்று. டாக்டரம்மா என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னார். "இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி தாங்காதும்மா. தண்ணி குடிங்கன்னுதானே சொல்றேன், அதுகூடவா முடியல?" நீ தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். துப்பாக்கி தூக்குகிறவளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரைத் தூக்கிக் குடிக்க முடியாதா? வீட்டுக்கு வந்து நானும் கேட்டேன், பதில் இல்லை. மறுபடி கேட்டேன், அதற்கும் இல்லை. "வேலையை விட்டுட்டு வந்துடு" என்றதும் மட்டும் உனக்கு வாய் வந்துவிட்டது. அது எப்படி?

நான் லாரித் தார்ப்பாய் தைக்கிறவன். என் ஊசி மூன்று மடிப்பு கித்தானைக்கூடத் துளைத்துக்கொண்டு போகும். உன் மௌனத்துக்கு முன்னால்தான் அது முனை மழுங்கிப் போகிறது.

மகள் நன்றாக இருக்கிறாள். தினமும் சாயங்காலம் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கையைத் தூக்கு, சோதனை போடணும்" என்கிறாள். என் சட்டைப் பையில் மிட்டாய் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்கிறாள். இது உன் வளர்ப்பு.

காரணத்தை எழுது. என்ன காரணமாக இருந்தாலும் எழுது. பயமாக இருக்கிறது, அதனால்தான் கத்துகிறேன்.

கவிழ்த்த டம்ளரோடு குடித்தனம் நடத்துகிறவன்


ஏப்ரல் 15

அன்புள்ள தையல்காரருக்கு,

டம்ளருக்கு ஓர் அர்த்தமும் இல்லை. ஈ உட்காராமல் இருக்கத்தான் கவிழ்த்து வைத்தேன். எழுப்பினால் அழுதுவிடுவேன் என்று நினைத்துத்தான் உங்களை எழுப்பவில்லை. போதுமா?

போனில் பேசாததற்கும் காரணம் உண்டு. எங்கள் போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வாரம் ஒரு முறை பட்டாலியன் போனில் பேசலாம், ஆனால் எனக்குப் பின்னால் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நீங்கள் கேட்ட விஷயத்தை அங்கே நின்று எப்படிச் சொல்வேன்? வீட்டிலும் வாய் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது. எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கேட்டில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை.

அவ்வளவுதான் காரணம். கம்பிவேலிக்கு அப்பால் எல்லைக்கோடு வரைக்கும் நம் பக்கத்து விவசாயிகளின் நிலம் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காலையில் கேட்டைத் திறந்து அவர்களை அந்தப் பக்கம் விடுவோம், சாயங்காலம் திரும்ப அழைத்துக்கொள்வோம். வருகிற பெண்களைச் சோதனை போட நாங்கள் மூன்று பேர். நான், ஒல்லி என்று நாங்கள் கூப்பிடுகிறவள், புதிதாகச் சேர்ந்த சின்னவள். நிழலுக்கு நான்கு கம்பத்தின் மேல் ஒரு தகரக் கூரை, சுவர் கிடையாது. யார் வந்தாலும் தெரிய வேண்டும் என்று சுற்றிலும் ஒரு செடிகூட விடாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆண்கள், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய? முகாம் தூரத்தில் இருக்கிறது. காலையில் இறக்கிவிட்ட வண்டி ஆள் மாற்றத்தான் திரும்ப வரும். மாற்ற ஆள் இல்லை என்றால் அதுவும் வராது, அடுத்த ட்யூட்டியும் நாங்களே.

அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. கிளம்புவதற்கு முந்தின இரவே நிறுத்திவிடுவோம். சின்னவள் வந்த முதல் நாள் ஒல்லி அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதுதான். "நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா வாயில ஒரு கூழாங்கல்லு போட்டுக்கோ." துப்பாக்கியைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

கேட்காமல் இல்லை. மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். கேட்டுக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர், "நாட்டைக் காக்க வந்தீங்களா, பிக்னிக் வந்தீங்களா?" என்றார். கொஞ்சம் தள்ளி இராணுவ முகாம் இருக்கிறது, அங்கே டைல்ஸ் போட்டது வரிசையாக இருக்கிறது. ஒரு நாள் தாங்க முடியாமல் அங்கே போனேன். வாசலில் நின்ற பையன் என் தோளில் இருந்த சின்னத்தைப் பார்த்துவிட்டு, "இது இராணுவத்துக்கு மட்டுந்தாங்க" என்றான். நாங்கள் துணைப்படை அல்லவா? வெயில், பாம்பு, குண்டு எல்லாம் சரிசமம். மற்றதில்தான் வித்தியாசம்.

வேலையை விடச் சொல்லாதீர்கள். சர்வீஸ் முடியும் முன்னால் விட்டால் வெறுங்கையோடு அனுப்புவார்கள். அதைவிட, நான் இந்த வேலையை நன்றாகச் செய்கிறேன். கூச்சப்படும் பெண்களை அவமானப்படுத்தாமல் சோதனை போட எனக்குத் தெரியும். ஒரு கக்கூஸ் இல்லை என்பதற்காகத் தோற்றுப்போய் வருவதா?

கோபம் போயிற்றா?

உங்கள் மனைவி


ஏப்ரல் 26

என் அசட்டுப் பெண்டாட்டிக்கு,

உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது, இப்போது வேறு ஆட்கள் மேல் இருக்கிறது. பேர் எழுத மாட்டேன், கடிதத்தை யாராவது பிரித்துப் படித்தாலும் படிப்பார்கள். படிக்கிறவரே, உங்கள் வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா?

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் மெஷினில் இருந்த லாரித் தார்ப்பாயை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன். லாரிக்காரர் வந்து சத்தம் போட்டார். "என் பொண்டாட்டிக்கு அவசரம்" என்றேன். என்ன அவசரம் என்று கேட்டார். சொன்னேன். மனிதர் திரும்பி நடந்துவிட்டார். சாயங்காலம் அவரே நான்கு இரும்புக் குழாயைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "வண்டியில சும்மாதான் கெடந்தது" என்றார்.

இதோடு வரும் மூட்டையில் ஒரு மறைப்பு இருக்கிறது. நாலு பக்கமும் துணி. ஓரங்களில் உறை தைத்திருக்கிறேன், குழாயை அதில் சொருகித் தரையில் அடித்தால் நிற்கும். கதவுக்குப் பதில் இரண்டு மடிப்பாக ஒரு திரை, உள்ளே இருந்து முடிச்சுப் போட நாலு நாடா. காற்று அடித்தால் தூக்காமல் இருக்க அடியில் மணல் நிரப்பப் பை வைத்திருக்கிறேன். மேலே கூரை இல்லை, வானம் பார்த்தால் பரவாயில்லை அல்லவா?

துணிக்குத்தான் இரண்டு நாள் யோசித்தேன். கடையில் பூப்போட்ட துணி நிறையக் கிடந்தது. ஆனால் சீருடைக்காரர்கள் நடுவில் ரோஜாப்பூவா, உன் கௌரவம் என்ன ஆவது? அதனால் நல்ல கரும்பச்சைக் கித்தானாகப் பார்த்து எடுத்தேன். படைக்கு ஏற்ற நிறம், ஒரு அழுக்கும் தெரியாது. தூரத்தில் இருந்து பார்த்தால் அரசாங்கமே கொடுத்த மாதிரி இருக்கும்.

மகள் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வெளியே வரமாட்டேன், இது என் வீடு என்று ஒரே அடம். திரையை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். தையல் உறுதிக்கு நான் பொறுப்பு.

இனி தண்ணீர் குடி.

உன் வேலைக்காரன்


மே 9

என் ராசாவுக்கு,

இப்படி நான் எழுதிப் பார்த்ததில்லை என்று சிரிக்கிறீர்கள், தெரியும். சிரியுங்கள்.

தகரக் கூரைக்குப் பின்னால் குழி வெட்டி, மறைப்பை நட்டுவிட்டோம். குழாய் அடித்தது ஒல்லி. ஊதினால் பறந்துவிடுவாள் என்று நினைத்தால், அடித்த அடியில் ஊரே அதிர்ந்தது. சின்னவள் முதல் தடவை உள்ளே போய்விட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் நல்லா இருக்கணுங்கக்கா" என்றாள். வயல் வேலைக்கு வரும் பெண்களும் போகிறார்கள். இவ்வளவு நாள் அவர்களும் எங்களை மாதிரிதான் இருந்திருக்கிறார்கள், நாங்கள் அவர்களைக் கேட்டதே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து சுற்றிப் பார்த்தார். எடுக்கச் சொல்வாரோ என்று திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் இதைப் பாக்கலைன்னு வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல்கூட எனக்குக் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது, பாருங்கள்.

தண்ணீர் குடிக்கிறேன். வெறி பிடித்த மாதிரி குடிக்கிறேன். எரிச்சல் குறைந்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்துக் காவல்காரர்கள் இரண்டு நாளாக பைனாகுலரை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும், உள்ளே ஒன்றும் தெரியாது. உங்கள் கித்தான் அவ்வளவு கெட்டி.

உங்கள் மகாராணி


மே 20

உங்களுக்கு,

பதறாமல் படியுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேறு ஒன்று நடந்துவிட்டது.

எல்லைக்கோட்டை ஒட்டிய நிலத்தில் இரண்டு பக்கமும் புதிதாக எதையும் கட்டக்கூடாது, மண் தோண்டக்கூடாது என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. எங்களுக்கும் தெரியும். ஆனால் நாலு முழம் துணியை யாராவது கட்டடம் என்று நினைப்பார்களா? எதிர்ப்பக்கம் நினைத்துவிட்டது. நாம் பீரங்கி மேடை அமைக்கிறோம் என்று மேலிடத்துக்குப் புகார் கொடுத்துவிட்டார்கள். கமாண்டன்ட் அதை எங்களை நிற்க வைத்து வாசித்துக் காட்டினார். "கரும்பச்சை நிறத்தில் மறைவிடம். அருகில் தோண்டிய மண். ஆயுதம் ஏந்தியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே சென்று, சற்று நேரம் தங்கி, வெளியே வருகின்றனர். அவர்களில் ஒருவர் மட்டும் மிக அடிக்கடி செல்கிறார், அவர் பொறுப்பதிகாரியாக இருக்கலாம்."

அந்தப் பொறுப்பதிகாரி நான்தான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போகக்கூடாது என்பது விதி, வேறு எப்படிப் போவேன்? ஒல்லி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அன்றே மறைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அலுவலக மூலையில் சாட்சிப் பொருள் என்று அட்டை கட்டிக் கிடக்கிறது. கேட்டை மூடியாயிற்று, வயல்காரர்கள் வெளியே நின்று திட்டுகிறார்கள். யார் வைத்தது என்று கேட்டார்கள், நான்தான் என்றேன். என் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சமையல்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள், வெங்காயம் உரிக்கிறேன். கண்ணீருக்கு நல்ல சாக்கு.

இன்ஸ்பெக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அவர் அதைப் பார்க்கவே இல்லையாம். நேற்று என்னிடம் டைப் அடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். 'யாருக்கும் தெரியாமல் வைத்தேன், வசதி வேண்டும் என்று நான் எப்போதும் கேட்டதில்லை' என்று இருக்கிறது. "கையெழுத்துப் போட்டா சம்பள உயர்வு மட்டும்தான் நின்னுபோகும். போடலைன்னா வீட்டுக்கு. உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்." இன்னும் போடவில்லை. ஆனால் போட்டுவிடலாமா என்று இருக்கிறது. பதினான்கு வருஷ சர்வீஸ், ஒரு துணியில் போய்விடுமோ?

எதிர்ப்பக்கத்தோடு கொடி மீட்டிங் வைக்கப் போகிறார்களாம். இரு தரப்பு அதிகாரிகளும் எல்லைக்கோட்டில் மேஜை போட்டுப் பேசுவது. அது முடியும் வரை என் விசாரணை நிற்கும்.

நிறத்துக்கு நீங்கள் காரணமில்லை. அப்படி நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

நான்


மே 30

என் கண்ணே,

நிறத்துக்கு நான்தான் காரணம். பூப்போட்ட துணியை வைத்திருந்தால் எந்த மடையனாவது பீரங்கி என்று சொல்லியிருப்பானா? ரோஜாப்பூ போட்ட பீரங்கி எந்த நாட்டில் இருக்கிறது? உன் கௌரவத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உன் வேலைக்கே உலை வைத்துவிட்டேன். இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தொட்டேன், விரலில் ஊசி ஏறிவிட்டது, அதுவும் சரியான தண்டனைதான்.

கிளம்பி வந்து உன் கமாண்டன்ட் முன்னால் நின்று, தைத்தவன் நான், என்னைப் பிடித்துப் போடுங்கள் என்று சொல்லலாம் என்று பை கட்டினேன். மகள் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அம்மாவும் இல்ல, நீயும் இல்லன்னா நான் என்ன பண்றது?" என்றாள். அவிழ்த்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதை நன்றாகக் கேள். முன்பு வேலையை விடு விடு என்று உயிரை எடுத்தேன். இனி அந்தப் பேச்சு இல்லை. அவர்களாக அனுப்பினால் அனுப்பட்டும், உனக்குச் சோறு போட என் ஊசி இருக்கிறது. ஆனால் நீயாகத் தலையைக் குனிந்துகொண்டு வராதே. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. நீ கேட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் சின்னவள் கேட்டால் என்ன சொல்வார்கள்? 'இதுவரை யாரும் கேட்டதில்லையே' என்பார்கள். உன் கையெழுத்தைக் காட்டியே சொல்வார்கள்.

புகாரைக் கேட்டாய் அல்லவா? மறைவிடம், மேடை, அமைப்பு. உன் ஆட்களும் சரி, எதிராளியும் சரி, அத்தனை பேரும் கக்கூஸ் என்ற வார்த்தையைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வாய் வராது. உன்னை யாராவது கேட்டால் நீ சொல்லிவிடு. எனக்கு எழுதவே எவ்வளவு கூச்சப்பட்டாய் என்று தெரியும். எழுதிவிட்டாய் அல்லவா, இனி சொல்வது சுலபம்.

சாப்பிடுகிறேன். பொய் இல்லை, கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன்.

உன்னவன்


ஜூன் 14

என் அன்பானவருக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மகளையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே அந்தத் தாளை இன்ஸ்பெக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "பட்டுத்தான் தெரிஞ்சுக்குவ" என்றார். நேற்று கொடி மீட்டிங்.

என்னைக் கூட்டிப் போவதாகவே இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம், அந்த அமைப்பைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டதாம். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் எந்தக் குழாய் எதில் போகும் என்று நம் ஆண்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எஸ்.ஐ. ஒருவர் திரையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாராம். வேறு வழி இல்லாமல் சமையல்கூடத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

எல்லைக்கோட்டில் மேஜை, இரண்டு கொடி, இந்தப் பக்கம் நம் கமாண்டன்ட், அந்தப் பக்கம் நரைத்த மீசையோடு அவர்கள் அதிகாரி. அவருக்குப் பின்னால் அவர்கள் காவல்காரர்கள் வரிசை, அதில் ஒரு பெண்ணும் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவர்களும் நாம் பேசும் மொழியையேதான் பேசுகிறார்கள், அதனால் நடுவில் ஆள் தேவையில்லை.

எல்லோரும் பார்க்க மறைப்பை நட்டேன். உறைக்குள் குழாய் வழுக்கிக்கொண்டு போனதும், நீங்கள் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பதாக ஒரு நினைப்பு வந்தது. மீசைக்காரர் சுற்றி வந்தார். திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். நாடாவை இழுத்துப் பார்த்தார்.

"இது என்ன?" என்றார்.

நம் கமாண்டன்ட், "தற்காலிக நலவசதி அமைப்பு" என்றார்.

"என்ன நலவசதி?"

கமாண்டன்ட் வானத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைப் பார்த்தார். இத்தனை ஆண்கள் ஒரே நேரத்தில் ஊமையாகி நான் பார்த்ததில்லை. மீசைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இதுக்குள்ள என்ன பண்றீங்க?"

"கக்கூஸுங்கய்யா" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று மீதியையும் சொன்னேன். "எங்க கேட்டுல பொம்பளைங்களுக்கு எடமே இல்ல. தண்ணி குடிக்காம நின்னு நின்னு எனக்குக் கிட்னி கெட்டுப் போச்சு. மூணு தடவை எழுதிக் குடுத்தேன், நடக்கல. என் வீட்டுக்காரர் தார்ப்பாய் தைக்கிறவரு, அவர் தெச்சு அனுப்பினாரு. துப்பாக்கியைக் கீழ வெக்கக்கூடாது, அதனால அதோட போனோம். இதுல பீரங்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அப்போது அந்தப் பக்கத்து வரிசையில் இருந்து ஒரு சத்தம். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர். மீசைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன இது? என்ன வேணும் உனக்கு?"

அவள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டுச் சொன்னாள், "எங்களுக்கும் இல்லீங்கய்யா."

மீசைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கமாண்டன்ட்டைப் பார்த்து, "டீ சொல்லுங்க" என்றார்.

அதற்கப்புறம் இரு நாட்டு அதிகாரிகளும் கக்கூஸ் பற்றியே பேசினார்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், கதவு எந்தத் திசை. கதவு எதிராளியைப் பார்த்து இருந்தால் மரியாதைக் குறைவு, முதுகைக் காட்டினால் சந்தேகம் என்று அதற்கே அரை மணி நேரம். கடைசியில் பக்கவாட்டில் என்று முடிவானது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, செங்கல்லால் கட்டுவது. எங்கிருந்து பார்த்தாலும் ஆயுத இடம் என்று தோன்றாத நிறம் அடிக்க வேண்டும் என்று மீசைக்காரர் நிபந்தனை போட்டார். என்ன நிறம் என்று கேட்டதற்கு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள், "ரோஸ்" என்றாள். எழுதிக்கொண்டார்கள், சத்தியமாக.

திரும்பி வரும்போது கமாண்டன்ட் என்னைத் தன் ஜீப்பிலேயே ஏறச் சொன்னார். பாதி வழியில், "மூணு தடவையா எழுதிக் குடுத்தே?" என்றார். ஆமாம் என்றேன். "எங்கிட்ட ஒண்ணுகூட வரலியே" என்றார். முன் சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டரின் கழுத்து சிவந்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன்.

விசாரணையைக் கைவிட்டாயிற்று. வேலை போகவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முழு நியாயம் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் துணி கட்டியதற்கு என் பேரில் ஓர் எச்சரிக்கை ஏறியிருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் இல்லை, வேறு கேட்டுக்கு மாற்றம், அவ்வளவுதான். மேலிடத்துக்குப் போன அறிக்கையில் பெண்கள் நலனுக்காகக் கமாண்டன்ட் எடுத்த முயற்சி வெற்றி என்று இருக்கிறதாம். எடுத்துக்கொள்ளட்டும். எனக்குக் கதவு வந்தால் போதும்.

வேலை போகவில்லை. இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன், வேலை போகவில்லை.

உங்கள் பெண்டாட்டி


ஜூன் 25

இரு நாட்டுப் பேச்சுவார்த்தை நடத்திய தலைவிக்கு,

மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். "எங்களுக்கும் இல்லீங்கய்யா" வந்த இடத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. மகள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "அப்பா, ஜெயிச்சாச்சு, எதுக்கு அழறே?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? இந்த ஒரு மாதமாக நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். அது இறங்கினபோது கண்ணில் தண்ணீரும் சேர்ந்து இறங்கிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், உங்கள் அம்மா அப்பா என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். நம் பெண் எழுந்து, "எங்கம்மா ரெண்டு நாட்டுக்கும் கக்கூஸ் கட்டிக் குடுத்தாங்க" என்றிருக்கிறாள். டீச்சர் கடைக்கே வந்துவிட்டார் விவரம் கேட்க. உங்கள் பெண்ணுக்கு இந்த வாய் எங்கே இருந்து வந்தது என்று கேட்டார். உன்னிடம் இருந்துதான் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் இவ்வளவு நாள் என்னிடம் இருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எச்சரிக்கை ஏறினதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கமாண்டன்ட் பேர் வாங்கிக்கொண்டதை நினைத்தாலும்தான். ஆனால் நீ எழுதினதை நாலு தடவை படித்தேன், வேலை போகவில்லை, வேலை போகவில்லை. அதுவே இப்போதைக்குப் போதும்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "முதல்லயே இதைச் சொல்லியிருந்தா நானே கமாண்டருக்கு எழுதியிருப்பேனே" என்றார். லீவு எப்போது? வந்ததும் ஒரு பரிசோதனை செய்ய வேண்டுமாம்.

உன் அரசாங்கத் தையல்காரன்


ஜூலை 19

என் உயிரானவருக்கு,

லீவு கேட்டிருந்தேன், ஆள் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் பார்க்கலாமாம். வைய வேண்டாம், நானே வேண்டிய அளவு வைதுவிட்டேன். பரிசோதனையை இங்கேயே பட்டாலியன் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டேன். கிருமி இல்லை. சுத்தமாக இருக்கிறது. முதலில் இதை எழுதியிருக்க வேண்டும், லீவு ஆத்திரத்தில் மறந்துவிட்டேன்.

நேற்று எங்கள் கக்கூஸைத் திறந்தோம். திறப்பு விழா எல்லாம் இல்லை, கொத்தனார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ரோஸ் நிறம் என்றால் சாதாரண ரோஸ் இல்லை, இரண்டு மைல் தள்ளி இருந்து பார்த்தாலும் கண் கூசும். எல்லை முழுக்க மண் நிறமாகக் கிடக்க, நடுவில் இது ஒன்று மட்டும் கல்யாண வீடாக நிற்கிறது. நேர் எதிரே, கோட்டுக்கு அந்தப் பக்கம், அதே நிறத்தில் இன்னொன்று.

மூத்தவள் என்பதால் என்னை முதலில் போகச் சொன்னார்கள். அன்று காலையில் வண்டி ஏறும் முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்திருந்தேன். கேட்டுக்கு வந்து, வயல் பெண்களைச் சோதனை போட்டு அனுப்பிவிட்டு, நடு வெயிலில் இன்னொன்று குடித்தேன். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, யார் பார்க்கிறார்கள், எங்கே போவேன், வண்டி எப்போது வரும் என்று எதுவும் யோசிக்காமல் தாகத்துக்காக மட்டும் குடித்தேன். தண்ணீருக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று எனக்கு நினைவே இல்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். துப்பாக்கியை மாட்ட ஓர் ஆணிகூட அடித்திருந்தார்கள். அதில் மாட்டிவிட்டு நின்றேன். வெளியே காற்றுச் சத்தம், உள்ளே நான் மட்டும். என்னமோ தெரியவில்லை, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வேலை முடிந்த பிறகும் வெளியே வர மனசில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சின்னவள்.

"அக்கா, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? சீக்கிரம் வாங்க. நானும் தண்ணி குடிச்சிருக்கேன்."